சுவரோரம் உட்கார்ந்திருந்தவள்

"எனக்கு நேரமே போதல, மேடம்," என்றாள் எழில்மதி.

நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளுக்கு அந்த வாரம் பயிற்சி. உடனிருந்து சொல்லிக்கொடுக்க வந்தவர் ஜெனோவா, கல்லூரியின் இளம் ஆசிரியை.

மத்தியான நேரம். கூட்டம் இல்லை. ஜெனோவா கட்டுத் துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்ன வேலை?"

"கஸ்தூரி மேடத்துக்கு இதயம் வரைஞ்சு சார்ட் கொடுக்கணும். செமினார் இருக்கு. ஹாஸ்டல் விழாவுக்கு டான்ஸ் ஆட வரச் சொல்றாங்க. வரலேன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க."

"அவ்வளவுதானா?"

"அப்புறம்... ஃபார்மகாலஜி."

அவள் குரல் இறங்கிவிட்டது.

மருந்துகளைப் பற்றிய அந்தப் பாடத்தில் அவள் ஏற்கெனவே தோற்றிருந்தாள். வெள்ளிக்கிழமை நடக்கும் உள்தேர்விலும் தோற்றால், பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"புத்தகத்தைத் திறந்தியா?"

"இல்ல மேடம். சார்ட்டை முடிச்சுட்டு..."

"ஏன், சார்ட்டுக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

"நாளைக்குக் கொண்டுபோகலேன்னா கஸ்தூரி மேடம் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுத் திட்டுவாங்க. ஃபார்மகாலஜி அன்சாரி சார் பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டார்."

ஜெனோவா சுருட்டிய துணியைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டியா?"

எழில்மதி இல்லை என்று தலையாட்டினாள். ஜெனோவா தன் டிபன் டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் மூடியில் கைவைக்கும் முன் வாசலில் கூச்சல் கேட்டது.

கல்யாணத்துக்குப் போன வேன் ஒன்று பாலத்தருகே கவிழ்ந்திருந்தது. ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலைகளில் மண். யாரோ ஒருவர் செருப்பைத் தேடி அழுதார். டாக்டரும் நர்சுகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒருவர் சத்தம்.

"ஐயோ, கை போச்சே! யாராவது வாங்களேன்!"

மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. எழில்மதி அவரைப் பார்த்து ஓடினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. ஜெனோவா. அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

அங்கே ஒரு பெண் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ கூடக் கலையவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"அவங்க கையைப் பிடிச்சுப் பாரு."

எழில்மதி குனிந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு," என்றாள் அந்தப் பெண். "அவரைப் போய்ப் பாரு. பாவம், எப்படித் துடிக்கிறாரு."

"எங்கயாவது அடி பட்டுதாக்கா?"

"விலாவுல சீட்டுக் கம்பி இடிச்சுது. லேசா வலி. வேறொண்ணும் இல்ல. தூக்கந்தான் கண்ணைச் சொக்குது."

அவள் கை சில்லென்று இருந்தது. வியர்த்திருந்தது. நாடி விரலுக்குச் சரியாக அகப்படாமல் நூலாக ஓடியது. உதட்டில் நிறமே இல்லை.

எழில்மதி சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேடம்!"

ஜெனோவா அதற்குள் டாக்டரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் அந்தப் பெண்ணின் வயிற்றில் கைவைத்துப் பார்த்தார். "உள்ளே ரத்தம் போகுது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க."

ஸ்ட்ரெச்சர் வரும்வரை எழில்மதி அவளுக்கு ஏற்றிய குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நின்றாள்.

"ஏ பொண்ணு!" கை உடைந்தவர் கத்தினார். "நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். நீ அங்க கதையா பேசுற? உன் பேர் என்ன? இரு, பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எழில்மதியின் முகம் சிவந்துவிட்டது. கால் தானாக அவர் பக்கம் நகர்ந்தது.

"பாட்டில் இறங்குது பாரு," என்றார் ஜெனோவா.

அவள் கையை உயர்த்தினாள். அப்படியே நின்றாள். அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

ஸ்ட்ரெச்சர் போன பிறகுதான் அவரிடம் போனாள். அட்டை வைத்துக் கையைக் கட்டி முடிக்கும்வரை அவர் திட்டினார்.

சாயங்காலம் தியேட்டரிலிருந்து டாக்டர் வெளியே வந்தார். முகக் கவசத்தை இறக்கிவிட்டு, "மண்ணீரல் கிழிஞ்சிருந்தது," என்றார். "பிழைச்சுக்குவாங்க. கொஞ்சம் விட்டிருந்தா உட்கார்ந்த இடத்துலயே போயிருப்பாங்க."

எழில்மதி குழாயடிக்குப் போனாள். கை கழுவினாள். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு அழுதாள்.

ஜெனோவா அவளைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் துண்டை நீட்டினார்.

"மேடம், நான் அவங்களைப் பார்க்கவே இல்ல. தாண்டித்தான் ஓடினேன்."

"நானும் ஒரு காலத்துல அப்படித்தான் ஓடினேன். முகத்தைத் துடை."

துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஃபார்மகாலஜி படிக்கிறேன், மேடம்."

"சரி."

"சார்ட் முடியாது."

"முடியாது."

"கஸ்தூரி மேடம் திட்டுவாங்க."

"திட்டுவாங்க."

"எல்லார் முன்னாடியும்."

"ஆமா."

எழில்மதியின் கண் மறுபடியும் கலங்கியது.

ஜெனோவா ஜன்னலைக் காட்டினார். "அவ்வளவு கத்தினாரே, அந்தக் கை உடைஞ்சவர், இப்ப என்ன பண்றார்னு எட்டிப் பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"டீ குடிக்கிறார், மேடம்."