ஒரு சொட்டும் சிந்தாத குடும்பம்

ஒரு காலத்தில் என்று இழுக்கும் அளவுக்குப் பழைய கதை இல்லை இது. போடிநாயக்கனூரில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் பானட்டுக்குக் கீழே ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் வாழ்ந்து வந்தது.

குடும்பத் தலைவர் ரேடியேட்டர். முன்வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நிற்பவர் அவர்தான். எஞ்சினின் சூட்டையெல்லாம் சுமந்து வரும் பச்சை நிறக் கூலண்ட் அவரிடம் வந்துதான் ஆறும். அதை ஓயாமல் சுற்றி ஓட வைப்பது பம்பு. மேலும் கீழும் இரண்டு ரப்பர் குழாய்கள், அண்ணன் தம்பிகள். கொஞ்சம் சூடு பட்டாலும் புடைத்துக்கொள்கிற ஜாதி.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. எட்டு வருஷத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தியது கிடையாது.

“உள்ளே ஆயிரம் கொதிக்கட்டும், வாசலில் தெரியக் கூடாது. தெரிந்தால் அது குடும்பமா?” என்பார் ரேடியேட்டர். எல்லாரும் தலையாட்டுவார்கள். பெரியவர் சொன்னால் தலையாட்டுவதுதானே வழக்கம்.

பம்பின் அடிவயிற்றில் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு மிளகு நுழையும் அளவுதான். எட்டு வருஷமாக அதற்குள் எதுவும் போனதில்லை, அதிலிருந்து எதுவும் வந்ததும் இல்லை. அது எதற்கு இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

“உனக்கு என்னதான் வேலை? சரியான தண்டச்சோறு,” என்று குழாய்கள் கேலி செய்வார்கள்.

“தண்டச்சோறு என்றால் சோறாவது கிடைக்க வேண்டும். எனக்குத் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை,” என்று ஓட்டை சிரிக்கும். “என்னைச் செய்தவன் வேலையில்லாமல் துளை போட்டிருக்க மாட்டான். என் வேலை வரும்போது நான் செய்துகொள்கிறேன்.”

பம்புக்குள்ளே ஒரு சீல் இருந்தது. மெல்லிய வளையம். அதன் ஒரு பக்கம் கூலண்ட், மறுபக்கம் பம்பின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். தண்ணீர் பட்டால் பேரிங் துருப்பிடித்துச் செத்துப் போகும். நடுவில் நின்று தண்ணீரை மறிப்பதுதான் சீலின் பாடு. சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில்தான் அந்த ஓட்டையின் வாய் இருந்தது.

காரை ஓட்டுகிறவள் கஸ்தூரி. அவளுடைய அண்ணி ஞானசுந்தரி மலைமேல் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கஸ்தூரி விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மலையேறி, அண்ணியைக் கூட்டிக்கொண்டு இறங்குவாள். ஒருமுறை தவறினாலும் அண்ணிக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். அடுத்தடுத்துத் தவறினால் ஆள் தாங்காது. இது கஸ்தூரிக்குத் தெரியும். அந்தக் காருக்கும் தெரியும்.

அத்தனை வளைவுகள் ஏறி இறங்கினால் எந்தச் சீல்தான் தேயாது? ஒரு நாள் அது ஓட்டையிடம் மெல்லச் சொன்னது.

“எனக்கு முடியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் நைந்துவிட்டேன். தண்ணீர் என்னைத் தாண்டி வருகிறது.”

“அப்படியானால் என் வழியாக அனுப்பு. வெளியே தெரியட்டும்,” என்றது ஓட்டை.

“ஐயோ, வேண்டாம். பெரியவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? நானே சமாளித்துக்கொள்கிறேன்.”

“நீ சமாளிக்கும் அழகில் பக்கத்தில் நிற்கும் பேரிங் நனைந்துவிடுவான். அவன் என்ன பாவம் செய்தான்?” என்று கேட்டது ஓட்டை. சீல் வழிவிட்டது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பச்சைச் சொட்டு ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது.

விழுந்த இடம் சரியில்லை. கஸ்தூரியின் கணவன் பால்துரை அப்போதுதான் தன் கையாலேயே வாசலுக்குப் புது டைல்ஸ் போட்டிருந்தான். பால்துரைக்குக் குழாய் வேலை. ஊரில் பாதி வீடுகளின் ஒழுகலை நிறுத்தியவன். அவன் டைல்ஸிலேயே கறையா?

பானட்டுக்குக் கீழே பெரிய கலவரம். “மானம் போயிற்று,” என்றார் ரேடியேட்டர். “எட்டு வருஷம் கட்டிக் காத்த பெயரை ஒரு பொட்டு ஓட்டை கெடுத்துவிட்டது.” குழாய்கள் இரண்டும் புடைத்துக்கொண்டு, “அப்போதே சொன்னோமே,” என்றார்கள். அவர்கள் அப்போது சொன்னது வேறு என்பது அவர்களுக்கே நினைவில்லை.

“கொஞ்சம் கேளுங்கள். குற்றம் என்னுடையதில்லை, யாருடையதும் இல்லை. உள்ளே ஒருவருக்கு முடியவில்லை. அதைத்தான் சொன்னேன்,” என்றது ஓட்டை.

“யாருக்கு?” என்று அதட்டினார் ரேடியேட்டர்.

சீல் பம்புக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

பால்துரை காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

“கஸ்தூரி, கண்டுபிடிச்சுட்டேன். பம்புக்கு அடியில ஒரு ஓட்டை. அதுலதான் ஒழுகுது.”

“மெக்கானிக்கைக் கூப்பிடவாங்க?”

“ஒரு ஓட்டையை அடைக்க மெக்கானிக்கா? ஊரெல்லாம் அடைக்கிறேன், என் வீட்டு வண்டிய அடைக்க மாட்டேனா?”

குழைத்து ஒட்டும் பசையை உருட்டி ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் அழுத்தித் தடவி விட்டான். அரைமணி நேரத்தில் அது கல்லாக இறுகிவிட்டது. மறுநாள் டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. பால்துரைக்கும் நிம்மதி, ரேடியேட்டருக்கும் நிம்மதி.

ஆனால் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது.

காலையில் கஸ்தூரி பானட்டைத் திறந்து கூலண்ட் பாட்டிலைப் பார்ப்பாள், கோட்டுக்குக் கீழே இருக்கும். ஊற்றுவாள். இரண்டு நாளில் மறுபடியும் கீழே போய்விடும். குனிந்து பார்த்தால் தரையில் ஈரமில்லை. குழாயில் இல்லை, ரேடியேட்டர் மூடியில் இல்லை, வண்டிக்குள் கால் வைக்கும் இடத்திலும் இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை.

“பேய் குடிக்குதா என்ன?” என்றாள்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வாய் அடைபட்டதால் தண்ணீர் பேரிங் பக்கம் போயிற்று. பேரிங்கை நனைத்து, அதைத் தாண்டி, பம்பை ஓட்டும் பெல்ட் சக்கரத்தின் பின்னால் எட்டிப் பார்த்தது. சக்கரம் அதை விசிறியடிக்க, சூடான இரும்பில் பட்டு ஆவியாகிப் போனது. தரைக்கு வர அதற்கு நேரமே இல்லை.

குடும்பத்துக்குள் சந்தேகம் புகுந்தது. மேல்குழாய் மூடியைப் பார்த்தது. மூடி கீழ்க்குழாயைப் பார்த்தது. “நான் இல்லை, வேண்டுமானால் என்னைத் தடவிப் பாருங்கள்,” என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். பால்துரை புது மூடி போட்டான், குழாய்க் கிளிப்புகளை இறுக்கினான். ஒன்றும் மாறவில்லை. பேரிங் மட்டும் ராத்திரி பகலாக முனகத் தொடங்கியது.

“என்ன சத்தம்?” என்றார் ரேடியேட்டர்.

“ஒன்றுமில்லை, பழகிவிடும்,” என்று பம்பு மழுப்பியது.

யாரோ ஒரு டாக்சிக்காரர் சொன்னார் என்று கஸ்தூரி ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போட்டாள். ரோட்டில் ஒழுகினால் டிரைவர்கள் செய்யும் கைவைத்தியம்தான் அது. மஞ்சள் மங்கலமாக உள்ளே வந்து வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது.

“புண் எங்கே? காட்டினால்தானே பற்றுப் போட முடியும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டது.

“இங்கே யாருக்கும் புண் இல்லை. எல்லாரும் நலம்,” என்றார் ரேடியேட்டர்.

மஞ்சள் பாவம், என்ன செய்யும்? ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலேயே படிந்து, அவருக்கே பாதி மூச்சை அடைத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலையில் பதினோராவது வளைவு. டாஷ்போர்டில் இருந்த சூட்டு முள் நடுக்கோட்டிலிருந்து எழுந்து சிவப்பைத் தொட்டது. அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான். கஸ்தூரி முள்ளைப் பார்த்தாள். உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். அவசரப்பட்டு மூடியைத் திறக்கவில்லை. முதலில் அண்ணிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, வண்டி சூடாகி நின்னுருச்சு. காத்திருக்காதீங்க. எஸ்டேட் ஜீப் ஏதாச்சும் கீழ வருதான்னு பாருங்க.”

“பாத்துக்கிறேன் கஸ்தூரி. நீ வண்டிய பாரு. நீ இருந்தாத்தான் எனக்குச் செவ்வாக்கெழமை.”

ஞானசுந்தரி ஜீப்பில் ஏழு பேரோடு நெருக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் தாமதமாகத் தேனி போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குச் சமாளித்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கு இனி நான்கு நாள் இருந்தது.

கார் கயிறு கட்டி மெக்கானிக் சிராஜுதீன் பட்டறைக்கு இறங்கி வந்தது. பால்துரையும் வந்து சேர்ந்தான். சிராஜுதீன் பேசுவது கம்மி. எஞ்சின் ஆறும் வரை டீ குடித்தார். பிறகு மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டி, உள்ளே காற்றை அழுத்தினார்.

“யாரும் வாயைத் திறக்காதீர்கள்,” என்றார் ரேடியேட்டர், மூச்சுத் திணறலோடு.

யாரும் திறக்கவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் கைப்பம்பில் அழுத்தம் காட்டும் முள் மெல்ல மெல்ல இறங்கியது.

“எங்கயோ போகுது. ஆனா காட்ட மாட்டேங்குது,” என்றார் சிராஜுதீன். பெல்ட்டைக் கழற்றி, பம்பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கரகரவென்றது. சக்கரத்தின் பின்பக்கம் விரலை விட்டு எடுத்தார். விரலில் காய்ந்த பச்சைப் பொடி. அப்படியே அடிப்பக்கம் தடவியவர் நிறுத்திவிட்டார்.

“அக்கா, இங்க ஒரு ஓட்டை இருக்கணுமே. யார் அடைச்சது?”

கஸ்தூரி கணவனைப் பார்த்தாள். பால்துரை தொண்டையைச் செருமினான்.

“நான்தான் பாய். ஒழுகுச்சு, அடைச்சேன். ஓட்டைன்னா அடைக்கிறதுதானே?”

“உங்க தொழில்ல சரி. வீட்டுக் குழாய்ல ஒழுகினா தண்ணி வீணாப் போகுதுன்னு அர்த்தம். இந்த ஓட்டையில ஒழுகினா, உள்ள சீல் போயிருச்சு, வந்து பாருன்னு அர்த்தம். வண்டியச் செஞ்சவனே அதச் சொல்றதுக்குன்னுதான் வச்சிருக்கான்.”

பானட்டுக்குக் கீழே குழாய்கள் இரண்டும் தொய்ந்து போயிருந்தன.

சிராஜுதீன் கூரான கம்பியால் பசையைக் குத்திப் பெயர்த்தார். ஓட்டை வாய் திறந்தது. சொட்டாக இல்லை, தாரையாகக் கொட்டியது. மூன்று வாரம் சொல்ல விடாததை அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தது.

“முதச் சொட்டுலயே வந்திருந்தா சீல் மட்டும் மாத்திட்டு இதே பம்பப் போட்டுருப்பேன்,” என்றார் சிராஜுதீன். “இப்ப பேரிங்கும் போச்சு. இன்னும் ரெண்டு தடவை மலையேறியிருந்தா பம்பு இறுகி, பெல்ட்டு அறுந்து, எஞ்சினே வெந்துருக்கும். அண்ணிய வச்சுக்கிட்டு நடு வளைவுல நின்னுருப்பீங்க.”

பால்துரை தலையைக் குனிந்துகொண்டான். “என் மேலதான் தப்பு,” என்றான்.

“தரை சுத்தமா இருந்தாப் போதும்னு நானும்தான் நெனச்சேன்,” என்றாள் கஸ்தூரி.

பழைய பம்பைக் கழற்றி இரும்புத் தட்டில் போட்டார்கள். பம்புக்குள்ளிருந்து சீல் அழுதது. “என்னால்தானே எல்லாம்?”

“நீ தேய்ந்தது குற்றமில்லை. உழைத்தால் யாரும் தேய்வார்கள்,” என்றது ஓட்டை. சீல் கொஞ்சம் ஆறுதலாகப் பக்கத்தில் பார்த்தது. பேரிங் துருவேறி, அசையாமல் கிடந்தது. அதற்கு எந்த நோயும் இருந்ததில்லை.

காரிலிருந்து ரேடியேட்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சளைக் கழுவி எடுத்ததில் அவருக்கு மூச்சு நன்றாக வந்தது.

புதுப் பம்பு வந்து உட்கார்ந்தது. அதன் அடிவயிற்றிலும் ஒரு மிளகளவு ஓட்டை. கீழ்க்குழாய் பழக்கதோஷத்தில், “உனக்கு இங்கே என்ன வேலை?” என்று ஆரம்பிக்க, “சும்மா இரு,” என்று அடக்கினார் ரேடியேட்டர்.

செவ்வாய்க்கிழமை கார் எல்லா வளைவுகளையும் மூச்சிரைக்காமல் ஏறியது. முள் நடுக்கோட்டை விட்டு அசையவில்லை. மேலே ஞானசுந்தரி கதவைத் திறந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “போலாம்,” என்றாள். கஸ்தூரி கிளம்புவதற்கு முன் இறங்கி, காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

உள்ளே ரேடியேட்டரும் அதே நேரத்தில் புது ஓட்டையிடம் குனிந்து கேட்டார். “சொல்ல ஏதாவது இருக்கிறதா, அம்மா?”

“இப்போதைக்கு இல்லை, ஐயா.”

“இருந்தால் சொல்லிவிடு. தரை எப்படிப் போனாலும் போகட்டும்.”

“இருந்தால் நீங்கள் கேட்கும் வரைக்கும் காத்திருக்க மாட்டேன்,” என்றது ஓட்டை.