பனிக்குள் தெரிந்த முகம்

கடலோரத்துப் பௌத்த விகாரை ஒன்றில் துறவிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலம் முழுக்க ஒரே கூரையின்கீழ் தங்கியிருப்பார்கள். அது முடிகிற நாளில் ஒவ்வொருவராகச் சபைக்கு முன்னால் மண்டியிட்டு, “என்னிடம் நீங்கள் கண்ட குற்றம், கேள்விப்பட்ட குற்றம், சந்தேகப்பட்ட குற்றம் எதுவானாலும் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் குறட்டை விட்டார், கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார் என்கிற அளவில்தான் போகும்.

அன்று திரையரின் முறை வந்தது. தோணி ஓட்டிப் பிழைத்த மனிதர். நரைத்த பிறகு வந்து தலையை மழித்துக்கொண்டவர். அவருடைய ஆசான் சீலநந்தி அடிகளுக்குத் திரையரின் மகனாகிற வயதுதான் இருக்கும்.

கேட்க வேண்டியதை விட்டுவிட்டுத் திரையர் தானே சொல்லிவிட்டார்.

“நான் என் பிள்ளையைக் கொன்றவன். இந்த ஆடை எனக்கு ஆகாது. என்னை அனுப்பிவிடுங்கள்.”

சீலநந்தி எழுந்தார்.

“இவரோடு கடல்வரை போய்வருகிறேன். அதுவரை யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.”

வெளியே விடிந்தும் விடியாத மூடுபனி. கடல் இருக்கிற இடத்தில் சத்தம் மட்டும்தான் இருந்தது. பனைமரங்களுக்குத் தலை இல்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே திரையருக்குப் பிடிபடவில்லை.

“இதே மாதிரி ஒரு காலைதான்” என்றார். “காற்று சரியில்லை அப்பா என்றான் இளநாகன். சோம்பேறி என்று திட்டித் தோணியில் ஏற்றினேன். மறுநாள் தோணி மட்டும் கரை ஒதுங்கியது.”

“பிறகு?”

“பிறகென்ன! பனிக்குள் போகும்போது திரும்பிப் பார்த்தானே, அந்த முகம்! ‘என்னைக் கொல்கிறாயே அப்பா’ என்று... கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.”

“இங்கேயே நில்லுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சீலநந்தி பனிக்குள் நடந்தார். உருவம் மங்கி, நிழலாகி, நின்றது.

“திரையரே, தெரிகிறேனா?”

“தெரிகிறீர்கள்.”

“என்ன செய்கிறேன்?”

“திரும்பி என்னைப் பார்க்கிறீர்கள்.”

“முகம் எப்படி இருக்கிறது?”

“என்மேல் வருத்தமாக இருக்கிறது.”

நிழல் மெல்ல அவரை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்ததும் பார்த்தால், அட, அது பிடரி! கடலைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் அடியெடுத்து வந்திருக்கிறார் அடிகள்.

திரையர் தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்படியானால் அவன் என்னை வையவில்லையா?”

“எனக்குத் தெரியாது.”

“திரும்பியாவது பார்த்தானா?”

“அதுவும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.”

“ஆனால் அனுப்பியது நான்தானே அடிகளே!”

“ஆமாம், நீங்கள்தான். மாட்டேன் என்றவனை அனுப்பினீர்கள். அது நடந்தது. அதற்கு அழுங்கள், நான் கூட இருக்கிறேன்.”

சீலநந்தியும் மணலில் உட்கார்ந்தார். கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை வருஷமும் அந்த முகத்துக்குப் பயந்தே கிடந்ததில், மகனுக்காக ஒரு நாள்கூட அழுததில்லை அவர்.

அழுது ஓய்ந்தபின் கேட்டார். “இனிமேலும் அந்த முகம் வருமே. வந்தால் என்ன செய்வேன்?”

“அது இளநாகன் முகம் இல்லை, திரையரே. உங்கள் முகம். வந்தால் துரத்தாமல் கண்ணைத் துடைத்துவிடுங்கள். எழுந்திருங்கள், சபையில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது.”