முகமூடி ராஜாவும் வில்லன் சட்டமும்

கிளிமங்கலம் சமஸ்தானத்து ராஜா ஏகாம்பர உடையாருக்கு யாரோ ஒரு கப்பல்காரர் ஒரு பெட்டி நிறைய அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்தது சனி. ராஜா கோப்புகளை மூடினார், காமிக்ஸைத் திறந்தார். வானத்தில் பறக்கும் சூப்பர் ஹீரோக்களையும், உலகையே விழுங்கப் பார்க்கும் வில்லன்களையும் பார்த்துப் பார்த்து மயங்கினார்.

ஒரு நாள் முதுகில் சால்வையைக் கட்டிக்கொண்டு, கால்சட்டைக்கு மேலே சிவப்பு ஜட்டியும் கண்ணுக்கு முகமூடியுமாகச் சபைக்கு வந்து நின்றார். உள்ளே போடுவதை வெளியே போட்டால் வீரம் வந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு!

"இனி நான் ஊரைக் காக்கும் மர்ம வீரன். ஆனால், ஹீரோ இருந்தால் வில்லன் வேண்டுமே! நம் ஊரில் அப்படி யாரும் இல்லையே?" என்று கவலைப்பட்டார்.

திவான் கஸ்தூரிரங்கர் கையைக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். "பிரபு, ஹீரோவின் ரகசியத்தை வெளியிடுபவன்தான் வில்லன். முகமூடிக்குள் இருப்பது யாரென்று வாய்விட்டுச் சொல்பவர் எவராயினும் சிறை என்று சட்டம் போட்டுவிடலாம்."

சொல்லிக்கொண்டே விதூஷகன் செங்கோடனை ஓரக்கண்ணால் பார்த்தார். செங்கோடனுக்கு வாய் சும்மா இராது, முதலில் மாட்டப்போவது அவன்தான் என்பது திவானின் கணக்கு.

சட்டமும் வந்தது. ஆனால் மாட்டியது அவனல்ல. சந்தை மதில்மேல் மர்ம வீரன் ஏறி நின்றபோது, தயிர்க்காரி மருதாயி பதறிப்போய், "ராசா, பாசி வழுக்குது, பாத்து எறங்குங்க!" என்று கத்திவிட்டாள். அந்த மீசையையும் தொந்தியையும் கண்ணளவு துணியால் மறைக்க முடியுமா? ஆனாலும் சட்டம் சட்டம்தானே! அவளைச் சிறையில் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். பாவம், அழுது அழுது அவள் முகமே வீங்கிவிட்டது. அவளை எப்படியாவது வெளியே கொண்டுவருவது என்று செங்கோடன் முடிவு செய்தான்.

மறுநாள் மதியம் மர்ம வீரன் ஊர் சுற்றிவிட்டு, அகோரப் பசியோடு அரண்மனைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். வாசலை மறித்துக்கொண்டு செங்கோடன் நின்றான். பின்னால் திவானும் காவலர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"யாரையா நீர்?"

"விளையாடாதே. வழி விடு, பசிக்கிறது."

"இது ராஜாவுக்குப் போட்ட இலை. வழிப்போக்கருக்குச் சத்திரத்தில் சோறு கிடைக்கும்."

உள்ளேயிருந்து வெங்காய சாம்பார் மணம் வந்தது. ராஜாவுக்கு நாக்கு ஊறியது. "செங்கோடா, என்னைத் தெரியவில்லையா உனக்கு?"

"தெரிந்தால் சிறையாமே! எனக்கு என்ன கிறுக்கா?"

"அட மடையா! நான்தான் ராஜா! ஏகாம்பர உடையார்!" என்று தெருவரைக்கும் கேட்கும்படி முழங்கினார் ராஜா.

"பிடியுங்கள் வில்லனை!" என்று கத்தினான் செங்கோடன்.

காவலர்கள் யாரைப் பிடிப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். "யாரடா வில்லன்?" என்றார் ராஜா.

"முகமூடிக்குள் யாரென்று வாய்விட்டுச் சொல்பவர் எவராயினும் வில்லன். திவான் போட்ட சட்டம். மருதாயி பாவம், 'ராசா' என்று மட்டும்தான் சொன்னாள். தாங்கள் பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டீர்கள். அவளுக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது, பிரபு."

திவான், "எவராயினும் என்று எழுதியது... ராஜாவைச் சேர்த்து அல்ல..." என்று முனகினார்.

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் விறைப்பாக நின்றுகொண்டு, "சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் ராஜாவின் மேல் கை வைக்க இந்த நாட்டில் எவனுக்கடா துணிச்சல்?" என்றார்.

"அதற்குத்தானே மர்ம வீரர் இருக்கிறார்! புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஹீரோதான் வில்லனின் சட்டையைப் பிடித்துச் சிறைக்கு இழுத்துப் போகிறார். ஆகவே பிரபு, தங்கள் சட்டையைத் தாங்களே பிடித்துக்கொண்டு முன்னே நடங்கள்!"

ராஜா தன் சட்டையைத் தானே பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான், தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்த வேகத்தில் சிறைக்குத்தான் நடந்தார். தன் கையாலேயே கதவைத் திறந்து மருதாயியை வெளியே விட்டார். கல்யாணச் செலவு முழுவதையும் திவான் தலையில் கட்டினார். செங்கோடனுக்கோ, அன்று ராஜாவின் பக்கத்திலேயே இலை போட்டார்கள்.