கண்ணில் படாத அறுநூறு பேர்

முன்னொரு காலத்தில், கடலுக்கு இத்தனை உப்பு ஏறாத நாளில், தென்கடல் நடுவே ஒரு தீவு நாடு இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். மேற்குக் கரையில் ஒருவன் தும்மினால் கிழக்குக் கரையில் இருப்பவன் ‘நூறு வயசு’ என்று வாழ்த்துவான், அவ்வளவு சின்னத் தீவு. அங்கே நெல் விளையாது, உளுந்து விளையாது. விளைந்தது அழகு ஒன்றுதான். கடலில் பதினேழு வகை நீலம். மணலோ, பச்சரிசி மாவைச் சலித்துக் கொட்டியது போல. அதைப் பார்க்கத் தேசதேசமாய் ஆட்கள் கப்பலேறி வருவார்கள். அதே கப்பலில் அரிசியும் பருப்பும் வந்துவிடும். கப்பல் வராவிட்டால் அரண்மனையிலும் உலை கொதிக்காது. அந்த நாட்டின் பொருளாதாரம் மொத்தமும் இவ்வளவுதான்.

அதை ஆண்டவர் பவளசேன மகாராஜா. நல்ல மனிதர். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். தலைமை அமைச்சர் விசாலமதியோ சட்டம் தீட்டுவதில் சூரர். காக்கை கரைவதற்குக்கூட நேரம் குறித்து வைத்திருந்தவர். சபையில் விகடம் பேசச் சங்குமணி என்று ஒருவன் இருந்தான். அவன் பெண் எடுத்தது கடற்கரைக் குப்பத்தில். அவன் வாயைத் திறந்தால் அரசர் சிரிப்பார். அரசர் சிரித்தால் அமைச்சருக்கு வயிறு எரியும்.

ஒரு மார்கழிக் காலையில் அரசருக்கு யோசனை பிறந்தது.

“அமைச்சரே, நம் தீவு படைத்தவன் கை ஈரம் காயாத புதுத் தீவு போலத் தோன்ற வேண்டும். மனிதக் காலடியே படாத இடம் என்று விருந்தினர் வியக்க வேண்டும்!”

“அற்புதம் மகாராஜா! ஆனால் கப்பல் வரும்போது முதலில் அவர்கள் காண்பது எதை? குப்பத்து ஜனங்கள் அறுநூறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, துணியை ஆட்டிக் கூச்சல் போடுகிறார்கள். வேடிக்கை பார்ப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?”

அரசரும் அதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார், தூரத்தில், எறும்புச் சாரை போல. “ஆமாம், என்ன செய்யலாம்?” என்றார்.

“கப்பல் தென்பட்டது முதல் கரை சேரும் வரை, இத்தீவில் பிறந்த ஒருவரும் விருந்தினர் கண்ணில் படக் கூடாது. தை மாத முதல் கப்பலில் சோதித்துப் பார்ப்போம். வெற்றி கண்டால் குப்பத்தை நிரந்தரமாக மலைக்குப் பின்னால் குடியேற்றிவிடலாம். நிறைவேற்றும் பொறுப்பு நம் சங்குமணிக்கே. எவனாவது ஒருவன் தென்பட்டால், சங்குமணி கட்டுமரத்தில் ஏறி நாட்டை விட்டே போகட்டும்!”

சங்குமணி மனசுக்குள் கணக்குப் போட்டான். ஜெயித்தால் குப்பத்தாரின் கரை போகும். தோற்றால் அவன் போவான். ஆனாலும் முகத்தில் காட்டாமல் கைகட்டிக் கேட்டான்:

“மகாராஜா, ஒருவரும் என்றால் ஒருவருமேவா?”

“ஒருவருமே.”

“இங்கே பிறந்தவர் எவராயினும்?”

“எவராயினும்!”

“அப்படியே ஓலையில் எழுதி முத்திரை இட்டுத் தாருங்கள்.”

ஓலையை மடியில் செருகிக்கொண்டு நேரே மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் பெயர் திமிலாயி. அவள் குரல் கொடுத்தால் பறக்கிற கொக்கு திசை மாறும். வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவள் விஷயத்தைக் கேட்டதும் வலையைக் கீழே எறிந்தாள்.

“நாங்க வேடிக்கை பாக்கிறோமா? எந்தக் கட்டையில போறவன் சொன்னான்?”

“அமைச்சர் சொன்னார், அத்தை.”

“அவரு வீட்டு அரிசி எப்படி வருதுன்னு கேட்டீங்களா, மாப்பிள்ளை?”

அந்தத் தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள், சுறாவின் வாய்க்குள் பல் முளைத்த மாதிரி வரிசை வரிசையாய். நடுவே ஒரே ஒரு வழி, பாம்பு போல் முப்பத்தாறு வளைவு. அந்த வழியின் இரு கரையிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாறை சொந்தம். கப்பல் வரும் நாளில் வலப்பக்கம் ஆண்கள் சிவப்புத் துணியோடும் இடப்பக்கம் பெண்கள் மஞ்சள் துணியோடும் தத்தம் பாறையில் ஏறி நின்று குரல் கொடுப்பார்கள். கப்பல் அந்த இரண்டு வரிசைக்கு நடுவே புகுந்து வரும். இது அரண்மனைக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்கிறீர்களா? மாலுமிகள் எல்லோரும் ‘என் திறமை’ என்று மீசையை முறுக்கிக்கொண்டார்கள். அரசரோ அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவர், ஆயுளில் கப்பலேறியதில்லை.

“போய்ச் சொல்லிடுங்களேன் ராஜாகிட்ட!” என்றாள் திமிலாயி.

“சொன்னால் நம்பமாட்டார், அத்தை. அமைச்சர் பத்துச் சட்டம் காட்டுவார். அதனால் உத்தரவை ஒரு மயிரிழை பிசகாமல் நிறைவேற்றுவோம். ஒருவரும் கண்ணில் படக் கூடாது என்றுதானே ஓலை? பாறையில் இருக்கக் கூடாது என்று இல்லையே.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கூரையில் காய்ந்த கருவாடு நாலு உதிர்ந்தது.

தை பிறந்தது. கப்பல் தென்பட்டது. கரையில் அரசர் மாலையும் கையுமாக நின்றார். அமைச்சர் சந்தனம் பூசி நின்றார். பட்டத்து யானையும் நின்றது. சங்குமணி கோழி கவிழ்க்கிற பஞ்சாரங்களைச் சுமந்துகொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் ஆள் மறையலாம், அவ்வளவு பெரிசு.

“மகாராஜா, தாங்கள் பிறந்தது?”

“இதே அரண்மனையில்தான். ஏன்?”

“அப்படியானால் உள்ளே வாருங்கள்.” ஓலையை நீட்டினான்.

அரசர் தம் முத்திரையையே பார்த்தார். வேறு வழியில்லை, பஞ்சாரத்துக்குள் குந்தினார். அமைச்சருக்கும் ஒன்று கவிழ்ந்தது. அது நேற்று வரை உண்மையாகவே கோழி இருந்த பஞ்சாரம்.

“யானை மட்டும் நிற்கலாமா?” என்று உள்ளிருந்து சீறினார் அமைச்சர்.

“அது வெளிநாட்டில் பிறந்தது, பிரபு. சட்டம் அதைத் தொடாது.”

சங்குமணியும் தனக்கொன்றைக் கவிழ்த்துக்கொண்டான். நாட்டின் வரவேற்புக் குழுவாக யானை ஒன்றே எஞ்சியது.

கப்பல் பாறைகளுக்கு வெளியே வந்து நின்றது. சங்கு ஊதியது. காத்திருந்தது. மறுபடி ஊதியது. பிறகு மெல்ல மூக்கைத் திருப்பத் தொடங்கியது.

“சங்குமணி! ஏன் திரும்புகிறது?” அரசரின் பஞ்சாரம் படபடத்தது.

“வழி தெரியவில்லை, மகாராஜா.”

“வழி எங்கே?”

“அது தங்கள் நாட்டில் பிறந்த வழி. கண்ணில் படக் கூடாது என்று தாங்கள்தானே முத்திரை போட்டீர்கள்!”

“பொய், மகாராஜா!” என்றார் அமைச்சர். “எவருடைய உதவியும் வேண்டாம், கப்பலை நானே அழைத்து வருகிறேன்!” பஞ்சாரத்தைத் தலையில் கவிழ்த்தபடியே ஒரு படகில் ஏறினார், சட்டம் மீறாதவர் அல்லவா! பத்துத் துடுப்புத் தூரத்தில் படகு பாறையில் மோதி இரண்டாய்ப் பிளந்தது. பஞ்சாரம் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு, “காப்பாற்றுங்கள்!” என்று அலறியது.

கப்பல் பாதி திரும்பிவிட்டது. அதில் இருந்தது ஆறு மாத அரிசி. அரசர் பஞ்சாரத்தை உதறி எழுந்தார், ஓலையைப் பிடுங்கினார், நான்காகக் கிழித்தார்.

“சட்டம் ரத்து! குப்பத்தாரை அழை! ஐயோ, அவர்கள் எங்கே? மலைக்குப் பின்னாலா?”

சங்குமணி சங்கை எடுத்து ஒரே ஊது ஊதினான்.

கடல் எழுந்து நின்றது.

ஆமாம், அப்படித்தான் அரசருக்குத் தோன்றியது. பாறையென்று எண்ணியவை பாறையல்ல. விடிந்தது முதல் தலையில் கடற்பாசியைப் போர்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில், தத்தம் பாறைமேல் அசையாமல் குந்தியிருந்த அறுநூறு பேர். திமிலாயியின் தலையில் நாரையே உட்கார்ந்திருந்தது. அவள் இமைகூட ஆட்டவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் நிமிர்ந்தார்கள். நீர் வழிய வழியச் சிவப்பு ஒரு கோடு, மஞ்சள் ஒரு கோடு, முப்பத்தாறு வளைவும் கடல்மேல் எழுதியது போல் தெரிந்தது. “ஏலேலோ!” என்று முதல் பாறையில் பிறந்த குரல் பாறைக்குப் பாறை தாவிக் கரைக்கு ஓடி வந்தது. மலையளவு கப்பல், ஒரு கன்றுக்குட்டி போல, அந்தக் குரலின் பின்னால் வந்தது. இருபுறமும் ஒரு முழம் இடைவெளிதான். கப்பல்மேல் ஒருவரும் மூச்சு விடவில்லை.

அரசர் கையிலிருந்த மாலை மணலில் விழுந்தது. அவர் கவனிக்கவே இல்லை. “நாற்பது வருஷமாக இதையா எறும்புச் சாரை என்று நினைத்தேன்?” என்று மட்டும் முணுமுணுத்தார். நீரில் முழங்கால் வரை இறங்கி நின்றார். வாந்தி வரவில்லை.

விருந்தினர் என்ன செய்தார்கள் தெரியுமா? இறங்க மறுத்துவிட்டார்கள். கப்பலை வெளியே கொண்டுபோய் மறுபடி உள்ளே அழைத்துவரச் சொன்னார்கள். மூன்று முறை வந்தபின்தான் தரையில் கால் வைத்தார்கள்.

நனைந்த கோழியாய் அமைச்சரும் கரை சேர்க்கப்பட்டார், இன்னும் பஞ்சாரத்தோடு. அதைக் கண்டதும் அரசர் சிரித்தார். சிரித்த சிரிப்பில் யானையே ஓரடி பின்வாங்கியது.

“கரை குப்பத்தாருக்கே, என் பேரன் பேத்திகள் காலம் வரைக்கும்! சங்குமணி, உனக்கு என் முத்துமாலை. இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“மகாராஜா, வரிசையில் கடைசிப் பாறை ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. வழுக்குகிறது என்று எவரும் எடுக்கவில்லை. அதை அமைச்சர் பிரபுவுக்குக் கொடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க வசதியான இடம்.”

அடுத்த கப்பலுக்கு விசாலமதியார் சிவப்புத் துணியோடு அங்கே நின்றார். அன்று கடலில் எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு குரல் கேட்டது. பக்கத்துத் தீவில் தூங்கிய ஆமைகள்கூடத் தலையை வெளியே நீட்டினவாம்:

“அமைச்சரே, ஆடாம நில்லும்! உம்ம வீட்டு அரிசி வருது!”