கொட்டாவிக்கு வந்த புது வீடு

எல்லாரும் வந்தாச்சா? அந்தப் போர்வையை இழுக்காம படுங்க. உம் கொட்டுற ஆளு நடுவுல தூங்கினா நான் கதையை அப்படியே நிறுத்திருவேன், ஆமா.

முன்னொரு காலத்துல ஓடைப்பள்ளம்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி, பணியாரம் சுட்டு வித்துப் பிழைச்சா. அவளுக்குப் புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. இருந்தது ஒரு பூனை. எப்பப் பாரு வாயைப் பொளந்துக்கிட்டே கிடக்கும், அதனால அதுக்குக் கொட்டாவின்னு பேரு. சடைச்சி அடுப்பை அணைச்சதும் அந்த அடுப்போரத்துல, அவளோட கந்தல் சேலை மேல சுருண்டு படுக்கும். அவ ஊர் நடப்பெல்லாம் அதுகிட்டதான் சொல்லுவா, அது கேட்டுக்கிட்டே கொட்டாவி விடும். அதுவும் ஒரு துணைதானே.

இப்படி இருக்கையில, அந்த நாட்டு ராசா ஒரு பெரிய ஏரி வெட்டணும்னு நினைச்சாரு. வெட்டணும்னா பள்ளம் வேணும், பள்ளம்னா ஓடைப்பள்ளம்தான். ராசா நல்லவருதான், சும்மா துரத்திவிடல. மேட்டுல வரிசையா வீடு கட்டி, சுண்ணாம்பு அடிச்சு, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. எல்லாரும் குடி போனப்புறம் தானே வந்து வாய்க்காலைத் திறந்து தண்ணி விடுறேன்னும் சொல்லிட்டாரு.

அந்த ஊருக்கு ஒரு மணியக்காரரு, பொன்னப்பர்னு பேரு. ராசா வர்றாருன்னதும் அவருக்குத் தரையில கால் பாவல. புது வீட்டுக்குப் பழைய விளக்குமாறு கொண்டு போகக்கூடாதுன்னு நாம சொல்றது உண்டுல்ல? அதைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தாரு பாரு. பழைய விளக்குமாறு வரக்கூடாது, பழைய பாய் வரக்கூடாது, பழைய சாக்கு வரக்கூடாது, பழைய ஊரு மண்ணு கூட ஒரு பொட்டு உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாரு. புது ஊரு வாசல்ல ஒரு காவக்காரனையும் நிறுத்தி, சந்தேகம் வந்தா மூட்டையை அவுத்துப் பாருன்னு சொல்லிட்டாரு.

சனங்களும் பால் காய்ச்சிக் குடி போனாங்க. அப்புறம் என்ன ஆச்சு? விடிஞ்சு பார்த்தா ஊர்ல ஒரு பூனையக் காணோம், ஒரு நாயக் காணோம். எல்லாம் பழைய ஊருக்கே திரும்பிப் போயிருச்சு.

கொட்டாவியும் போயிருச்சு. சடைச்சி போய்த் தூக்கிட்டு வந்தா, அது திரும்பவும் போச்சு. வழி மறக்கணும்னா சாக்குல போட்டுச் சுத்தணும்னு யாரோ சொன்னாங்க. சாக்குல போட்டு, வேப்பமரத்தை வலமும் இடமுமா சுத்தித் தூக்கிட்டு வந்தா. சுத்தினதுல அவளுக்குத்தான் தலை கிறுகிறுத்துச்சு, பூனை திரும்பவும் போச்சு. கட்டிப் போடுன்னாரு மணியக்காரரு. கட்டிப் போட்டா, அது சோறும் தின்னல, தண்ணியும் குடிக்கல, கொட்டாவி கூட விடல. சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பார்க்கப் பொறுக்காம அவளே கயித்தை அவுத்து விட்டா. நாலாந்தரமும் போயிருச்சு.

தண்ணி விடுற நாளு நெருங்கிருச்சு. அன்னைக்குப் பூனை அங்க இருந்தா என்ன ஆகும்? ஆங், அதேதான்.

சடைச்சி பழைய வீட்டுக்கு ஓடினா. கூரை பிரிச்ச வீடு, வெறும் சுவருதான் நிக்குது. பூனை எங்க இருந்துச்சு தெரியுமா? அணைஞ்சுபோன அடுப்போரத்துல, அந்தக் கந்தல் சேலை மேல படுத்திருந்துச்சு. அவளைப் பார்த்ததும் ஒரு கொட்டாவி விட்டுச்சு. சடைச்சி பக்கத்துல உக்காந்தா. உக்காந்ததும் அழுகை வந்துருச்சு, அழுது முடிச்சதும் மனசு லேசாச்சு, லேசானதும் அங்கேயே கண்ணு சொக்கிப் போச்சு. புது வீட்டுக்குப் போன நாள்லருந்து அவ சரியாத் தூங்கவே இல்ல, பாவம். முழிச்சதும் பூனை முதுகைத் தடவிக்கிட்டே சொன்னாளாம்:

“எனக்கே இன்னும் அது வீடா ஆகலையே கொட்டாவி. உனக்கு எப்படி ஆகும்? என் மேல தப்பு. உன்னைத் தூக்கிட்டுப் போனேன், உன் இடத்தை இங்கேயே போட்டுட்டுப் போயிட்டேன்.”

அந்த ஆறிப்போன சாம்பலை அள்ளினா, கந்தல் சேலையில முடிஞ்சா. வாசல்ல காவக்காரன் நிக்கிறானே, என்ன பண்றது? ஒரு குடத்துக்குள்ள முடிச்சை வெச்சு, மேல மாவிலையைச் சொருகி இடுப்புல வெச்சுக்கிட்டா. பூனை இன்னொரு கையில. காவக்காரன் பார்த்தான், நிறைகுடம் வருது, நல்ல சகுனம்னு ஒதுங்கி வழி விட்டான். ஏன் சிரிக்கிறீங்க? நீங்களா இருந்தாலும் விட்டிருப்பீங்க.

புது வீட்டு அடுப்படியில சாம்பலைத் தூவினா. ஓரத்துல கந்தல் சேலையை விரிச்சா. மத்த கதவெல்லாம் சாத்திட்டா, ஏன்னா ஒரே மூச்சுல முழு வீட்டையும் தலையில தூக்கி வெச்சா அது மிரண்டு போகும்ல. பூனையை இறக்கி விட்டுட்டு, கூப்பிடாம, பிடிக்காம, தான் பாட்டுக்கு மாவு கரைச்சா. கொட்டாவி மோந்துச்சு. சுவத்தை மோந்துச்சு, சாம்பலை மோந்துச்சு, சேலையை மோந்துச்சு. பழைய நேரத்துக்குப் பழைய மாதிரியே கருவாட்டுத் தலையும் சோறும் வந்துச்சு. தின்னுச்சு. சுருண்டு படுத்துச்சு. ஒரு கொட்டாவி விட்டுச்சு பாரு, சடைச்சிக்கு உசுரே திரும்பி வந்துச்சு. கொஞ்ச நாள் போனதும் சோத்து நேரத்துக்கு முன்னாடி, பசியோட இருக்கையில மெல்லக் கதவைத் திறந்து விட்டா. தெருவைச் சுத்திப் பார்த்துட்டு, சோத்துக்கு வீட்டுக்கே வந்துருச்சு.

இது மத்த பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறம் என்ன, ஊரு பூரா நிறைகுடம்தான். ஒருத்தி குடத்துல நாய் படுத்த சாக்கு, ஒருத்தி குடத்துல பூனை படுத்த பாய்க்கிழிசல். நம்ம ஊருக்கு என்ன மங்களம்டான்னு மணியக்காரருக்கு ஒரே பூரிப்பு.

அவருகிட்டயும் ஒரு நாய் இருந்துச்சு, சிப்பாய்னு பேரு. வீட்ல யாருகிட்டயும் முகம் குடுத்துப் பேசாத மனுஷன் அதுகிட்ட மட்டும் கொஞ்சிப் பேசுவாரு. ஆனா அதோட சாக்கை அவரே எரிச்சுட்டாரு, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிச் சங்கிலியில கட்டிட்டாரு. ராசா வந்தாரு, வாய்க்காலைத் திறந்தாரு, மேளம் அதிர்ந்துச்சு. சத்தத்துல மிரண்டு சங்கிலியை அத்துக்கிட்டு சிப்பாய் பழைய வீட்டுக்கே ஓடிப்போச்சு.

மணியக்காரரு பட்டு வேட்டியோட பின்னாலயே ஓடினாரு. தண்ணி பரவிக்கிட்டு வருது. நாய் மாட்டுக்கொட்டாய் மேட்டுல நின்னு நடுங்குது. கிட்டப் போனா பல்லைக் காட்டி உறுமுது. மேலெல்லாம் சவ்வாது, புதுப் பட்டு, யாருன்னே தெரியல அதுக்கு. அவரு அப்படியே நின்னு அழுதுட்டாரு. பின்னாலயே வந்த சடைச்சிதான் சொன்னா:

“ஐயா, அது உங்களைத் தேடித்தான் இங்க வந்திருக்கு. உங்க வாசம்தான் உங்க மேல இல்ல. அந்தக் கொட்டாய் மண்ணை எடுத்துப் பூசிக்குங்க.”

அவரு யோசிக்கவே இல்ல. மண்ணை அள்ளித் தலையில, மூஞ்சியில, பட்டு மேலெல்லாம் அப்பிக்கிட்டாரு. சிப்பாய் மோந்துச்சு. வாலை ஆட்டிக்கிட்டு அவரு மேலயே பாஞ்சுச்சு. தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு.

புது ஊரு வாசல்ல காவக்காரன் கம்பைக் குறுக்க நீட்டிட்டான். பழைய ஊரு மண்ணு ஒரு பொட்டு கூட உள்ள வரக்கூடாதுங்க, மணியக்காரரு உத்தரவுன்னான். ராசா பார்க்குறாரு, ஊரே பார்க்குது. மண்ணுக்குள்ள கண்ணு மட்டும் தெரியிற மணியக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அந்த உத்தரவு தப்புப்பா, எடுத்தாச்சுன்னாரு. ராசாவுக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சு முடிச்சுட்டு சடைச்சியைக் கூப்பிட்டு விவரம் கேட்டாரு. இது நம்ம வீடுன்னு நமக்குக் கண்ணு சொல்லுதுங்க, அதுங்களுக்கு மூக்கு சொல்லணும்ல, சொல்ற வரைக்கும் நாமதான் பொறுக்கணும்னா அவ.

அன்னைக்கு சிப்பாய் புது வீட்டுல எங்க படுத்துச்சு தெரியுமா? அவுத்துப் போட்ட அந்த மண்ணு வேட்டி மேல. மணியக்காரரு கடைசி வரைக்கும் அந்தப் பட்டைத் துவைக்கவே இல்ல.

கூட்டிட்டு வந்தா மட்டும் போதாது, கூட இருந்து பழக்கி விடணும். அவ்வளவுதான் கதை. கொட்டாவி அடுப்படிக்கு, சிப்பாய் வேட்டிக்கு, நீங்க தலகாணிக்கு. கண்ணை மூடுங்க.