சுவரிலிருந்து வந்த மாயன்

இந்தக் கதையை முத்திருளன் பல வருஷமாக நம்பவில்லை. ஐம்பத்து மூன்று வயசாகியும் நம்பிக்கை வரவில்லை. நம்பாமலிருப்பது சரிதானா என்ற சந்தேகமும் தீரவில்லை. கோணமந்தையில் சந்தேகப்படுகிறவன் அவன் ஒருத்தன்தான். ஊரே நம்புவதை ஒருத்தன் மட்டும் நம்பாவிட்டால் அதில் முட்டாள் யார் என்று அடிக்கடி யோசிப்பான். யோசனை சுற்றிச் சுற்றி அவன் வாசலிலேயே வந்து படுத்துக்கொள்ளும்.

கதையைச் சொன்னவர் அவனுடைய மாமனார் சங்கிலி. முன்னொரு காலத்தில் இடிமாயன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். பட்டப்பகலில் சுவருக்குள்ளிருந்து வெளியே வருவான். உடம்பு முழுக்க வெள்ளை வெளேரென்றிருக்கும். கையில் இடியைப் பிடித்திருப்பான். மலையடிவாரத்துச் சுனை அவன் உண்டாக்கியது.

"நீங்க அவனைப் பாத்தீங்களா மாமா?"

"பாக்கலை மாப்ளே. அதான் இவ்வளவு உறுதியாச் சொல்றேன். பாத்திருந்தா பயத்துல பாதி மறந்திருக்கும்."

அந்த வருஷம் மழை பொய்த்தது. கோணமந்தைக் கிணறுகளில் தவளைகூட ஊரை விட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்தது அந்தச் சுனை ஒன்றுதான். மாயன் எங்கள் ஊரில் பிறந்தவன், ஆகவே சுனை எங்களுக்கு என்று பக்கத்து ஊர் தட்டான்குளத்தார் கிளம்பினார்கள். வழக்கு ஜமீன் மணியக்காரரிடம் போயிற்று.

"மாயன் பிறந்த ஊருக்குத்தான் சுனை. ஆதாரத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். காதால் கேட்டதை எழுதக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்" என்றார் அவர்.

ஊரில் எழுதத் தெரிந்தவன் முத்திருளன். சங்கிலி விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுதுவரை கதை சொன்னார். கேட்டது எதுவும் ஏட்டில் ஏறிவிடாமல் நாட்டாமை ஒச்சு பக்கத்திலேயே காவலிருந்தார்.

"என்னய்யா எழுதுற? மாயன்னா?"

"இல்லைங்க. மாமா வாயைத் திறந்தார்னு."

"அது கண்ணால கண்டதுதான். எழுது."

மணியக்காரர் வாங்கிப் படித்தார். 'சங்கிலி வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தது. வெற்றிலை போட்டார். ஈ திரும்பி வந்தது.' இப்படியே நாலு பக்கம்.

"இந்த ஈ எந்த ஊர்?" என்று கேட்டார்.

நாட்டாமைக்கு முகம் சுண்டிவிட்டது. "அதை விசாரிக்காம விட்டுட்டோம் சாமி."

மணியக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "போங்கள். கதையில் மாயன் என்ன செய்தானோ அதை நீங்களே செய்து பாருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கண்டதை வந்து சொல்லுங்கள்."

சுவரிலிருந்து வர வேண்டுமானால் முதலில் சுவர் வேண்டும். ஊர்ப் பொது மந்தைவெளியில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கொத்தனார் விருமாண்டி கரண்டியோடு நின்று, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டான். நாட்டாமை சங்கிலியைப் பார்த்தார்.

"கதையில வாசல் வருதா?"

"வரலை."

"அப்ப வைக்காதே. கூட்டக் கூடாதுன்னு உத்தரவு."

முத்திருளன், சங்கிலி, ஒச்சு, விருமாண்டி நாலு பேரும் உள்ளே நின்றபடியே சுவரெழுப்பினார்கள். கூரை போட்டார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். வேலை சுத்தமாக முடிந்த பிறகுதான் முத்திருளனுக்கு மூச்சு முட்டியது. மந்திரம் ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். வராததால் கடப்பாரையை எடுத்து, 'டமார் டமார்' என்று சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். தலை முதல் கால்வரை சுண்ணாம்பு.

அந்த நேரம் பார்த்துத் தட்டான்குளத்துப் பெண்ணொருத்தி சுனையிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். பார்த்தாள், குடத்தைப் போட்டாள், "மாயன் வந்துட்டான்" என்று ஓடினாள்.

முத்திருளன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளை உடம்பு. கையில் இடி, அதாவது கடப்பாரை. அத்தனை வருஷச் சந்தேகமும் ஒரே நிமிஷத்தில் தீர்ந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. மாயன் மந்திரவாதியே இல்லை. வாசல் வைக்க மறந்த ஒரு கொத்தனார்.

மணியக்காரரிடம் அப்படியே சொன்னான். அவர் வெகு நேரம் அவனையும், பின்னால் வெள்ளையாக நின்ற மூன்று பேரையும் பார்த்தார். தட்டான்குளத்தாரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்படியொரு ஆள் உங்கள் ஊரில் பிறந்திருக்க முடியுமா?"

தட்டான்குளத்தார் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள். தண்ணீர் பெரிதுதான், மானம் அதைவிடப் பெரிது என்று முடிவாயிற்று. "எங்க ஊர்ல பிறக்கலைங்க" என்றார்கள்.

சுனை கோணமந்தைக்கு என்று தீர்ப்பாயிற்று. "வெளியூர்க்காரன் ஒருத்தனும் உள்ளே போகாதபடி பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் மணியக்காரர் சொல்லிவைத்தார்.

மறுநாளே சுனையைச் சுற்றி இரண்டாள் உயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். வெளியூர்க்காரன் ஏறிக் குதித்துவிடுவான் என்று மேலேயும் கல் பாவி மூடினார்கள். இந்த முறை புத்தியாக எல்லோரும் வெளியே நின்றுதான் கட்டினார்கள். ஊரிலிருந்த ஒரே கடப்பாரையை மட்டும் விருமாண்டி உள்ளே மறந்து வைத்துவிட்டான்.

ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு சுவரைச் சுற்றி நின்றார்கள். உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. ஒச்சு சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல உறுதி என்றார்.

முத்திருளன் மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனான்.

"மாமா, மாயன் சுவருக்குள்ளேருந்து வெளிய வந்ததெல்லாம் சரி. வெளியேருந்து உள்ள போனதா கதையில எங்கயாவது வருதா?"