வாயோரச் செதில்கள்

தூத்துக்குடியில் சகாயமேரி என்றொரு ஓவியர் இருந்தார். அவரிடம் சீடராக வந்த கோமதிநாயகத்துக்கு அவரைவிட வயது அதிகம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எதைக் காட்டினாலும் அச்சு அசலாக வரைந்துவிடுவார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் சொந்தமாக ஒரு படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் கை ஓடாது. அந்தக் குறை தீரத்தான் வந்திருந்தார்.

சகாயமேரி தன் படம் ஒன்றைக் காட்டி, "இதைப் பாத்து வரைங்க" என்றார்.

வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் கடல். கழுத்துக்கு மேலே முகத்துக்குப் பதிலாக ஒரு பாறை மீன். அதன் ஒவ்வொரு செதிலிலும் விளக்கெரியும் குட்டி ஜன்னல்.

கோமதிநாயகம் இரண்டு முறை வரைந்து காட்டினார். இரண்டு முறையும், "மீன் உடம்போட ஒட்டலை" என்று திரும்பி வந்தது. மூன்றாவதும் சரியில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் சகாயமேரி. கோமதிநாயகம் மூன்றாவதையும் வரைந்து கொண்டுவந்தார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சகாயமேரி குனிந்து பார்த்தார்.

"ஜன்னலெல்லாம் அப்படியே வந்திருக்கு, அண்ணாச்சி."

"பூதக்கண்ணாடி வச்சுல்லா பாத்தேன், டீச்சர். வாயோரத்துல மட்டும் உங்க செதிலெல்லாம் கோணலா இருந்துச்சு. அதை நேராக்கிட்டேன்."

"நேராக்கிட்டீங்களா?"

"தப்பா, டீச்சர்?"

சகாயமேரி எழுந்தார். ஒரு துணியை வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்தார். தன் படத்தின் முன்னால் போய் நின்று, மீனின் மேல் வைத்துத் தேய்த்தார்.

"டீச்சர், என்ன பண்றீங்க? ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்குப் போற படம்லா அது."

சகாயமேரி நிறுத்தவில்லை. ஜன்னல்கள் கரைந்து வழிந்தன. கையைப் பிடித்துத் தடுக்கலாமா என்றிருந்தது கோமதிநாயகத்துக்கு. தைரியம் வரவில்லை.

மீன் போன இடத்தில், வார்னிஷ் பூச்சுக்கு அடியில், ஒரு முகம் இருந்தது. காது, மீசை, கன்னத்து மச்சம் எல்லாம் ஒன்று விடாமல் வரைந்த முகம். அது சிரித்துக்கொண்டிருந்தது.

"யாரு, டீச்சர்?"

"என் தம்பி. கடலுக்குப் போனான். வரலை."

சகாயமேரி தூரிகையை நீட்டினார்.

"மீனைப் போடுங்க."

"இது மேலயா?"

"இது மேலதான்."

"என்னால முடியாது, டீச்சர்."

"அப்ப கிளம்புங்க."

கோமதிநாயகம் வாசலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு தூரிகையை வாங்கிக்கொண்டார்.

நெற்றி மறைந்தது. கண்கள் மறைந்தன. கடைசியில் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சிரிப்பின் மேல் தூரிகையை வைத்தார். செதில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"கோணிப் போச்சு, டீச்சர்." துடைப்பதற்குத் துணியைத் தேடினார்.

சகாயமேரி துணியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும், அண்ணாச்சி. எனக்கும் அங்கதான் கோணிச்சு."